எல்லா அறைக்கும் ஒரே கறுப்பு ஒயர்

“சத்தத்துக்குக் கலர் எதுக்குய்யா?” என்று பெரியப்பா கேட்டார். ரேடியோக்கடைக்காரர் நிற ஒயர்ச் சுருள்களைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் பிடிவாதமாக நின்று அறைக்கு ஒரு நிறமாக ஒயர் கொடுத்திருந்தால் என் அத்தையின் வாழ்க்கை வேறு விதமாகப் போயிருக்கும் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பழியை ஒயர் மேல் போடுவதில் ஒரு வசதி உண்டு. அது திருப்பிப் பேசாது. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இனியும் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது அசிங்கம்.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. முன்னால் கூடம், நடுவில் முற்றம், முற்றத்தைத் தாண்டிச் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கொல்லைக் கதவை ஒட்டி ஒரு சின்ன அறை. மொட்டைமாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். பெரியப்பா நெல் அரைக்கும் மில் வைத்திருந்தார். அப்பாவுக்கு வேலை, பெரியப்பா சொன்னதைச் செய்வது. கூடத்து மூலையில், ஓர் உயரமான மர அலமாரியின் மேல், பெரியப்பாவின் வால்வு ரேடியோ இருந்தது. அதைப் போட்டால் முதலில் ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து அதன் நெற்றியில் ஒரு பச்சைக் கண் மெல்லத் திறக்கும். அதற்குப் பிறகுதான் குரல் வரும். எனக்கு அந்தக் கண்ணைப் பிடிக்காது.

வேலூரில் ஒரு மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியப்பா போயிருந்தபோது, அந்த வீட்டில் அறைக்கு அறை ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். குளிக்கிற இடத்தில்கூடச் செய்தி கேட்டதாம். ஊருக்குத் திரும்பிய மறுநாளே அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ரேடியோக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று அளவில் ஸ்பீக்கர்களை எடுத்துப் பலகை மேல் வைத்தார். கறுப்புக் காகிதத்தில் செய்த புனல்கள் போல இருந்தன. பெரியப்பா ஒவ்வொன்றையும் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார்.

“சமையல்கட்டுக்குத்தான் முதலாளி பெருசா வேணும். அங்க இரைச்சல் ஜாஸ்தி இல்லீங்களா?” என்றார் கடைக்காரர்.

“அங்க இருக்கற இரைச்சல் போதாதுன்னு காசு குடுத்து வேற வாங்கிப் போடச் சொல்றியா?”

ஆகவே பெட்டிகள் வயதுப்படி பங்கிடப்பட்டன. இருப்பதில் பெரியது பெரியப்பாவின் அறைக்கு. அதற்கு அடுத்தது அப்பாவின் அறைக்கு. சமையல்கட்டுக்கு அதிலும் மட்டமானது. காற்றாடப் படுக்கும் மொட்டைமாடிக்கு ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு அப்பா தரையைப் பார்த்தபடி, “பின்கட்டு ரூமுக்கும் ஒண்ணு வெக்கலாமான்னு வீட்ல கேக்கறாங்க” என்றார். வீட்டில் என்றால் அம்மா.

“அது தீபம் முடிஞ்சதும் அவங்க ஊருக்குப் போயிடும். அதுக்கு எதுக்குப் பெட்டி?” என்றார் பெரியப்பா.

அது என்றால் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. பதினோராம் வகுப்பு வரை படித்தவள். அந்த வருஷம்தான் போளூர்ப் பக்கம் கல்யாணம் ஆகிப் போனாள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம் அல்லவா, அப்படி வந்தவள். ஆடி முடிந்தது, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. அத்தை திரும்பிப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளுடைய இடது முன்கையில் வட்ட வட்டமாகத் தழும்புகள் இருந்தன. வடை சுடும்போது எண்ணெய் தெறித்தது என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவும்போது மட்டும் எதற்காகவோ உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்த கடைக்காரர், மூலையில் கிடந்த உள்ளங்கை அகலத்து ஸ்பீக்கர் ஒன்றைக் கீறல் விழுந்த ஒரு பெட்டியோடு எடுத்து, “இது சும்மா கெடக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க” என்று கொடுத்துவிட்டார்.

ஒயர் பேச்சு கடைசியில்தான் வந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக முறுக்கு ஒயர் சுருள்களைக் காட்டி, “ரூமுக்கு ஒரு கலரு முதலாளி. எல்லாம் ரேடியோ பின்னாடி ஒரே எடத்துல வந்து சேரும். எது எந்த ரூமுன்னு நாளைக்குத் தெரியணும் இல்ல?” என்றார் கடைக்காரர். மில்லில் கரண்டு வேலை செய்தபோது மிஞ்சிய கறுப்பு ஒயர் ஒரு சுருள் முழுசாகக் கிடந்தது பெரியப்பாவுக்கு நினைவு வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கடைக்காரர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “மில்லு ஒயரு தடிமன். அதுல செய்தி கொஞ்சம் லேட்டா வருமுங்க.”

“வரட்டும். நான் இன்னா ரயிலுக்கா போறேன்?”

கறுப்பு ஒயரே போடப்பட்டது. வீட்டுச் சுவர்கள் எல்லாவற்றிலும் அது எறும்பு வரிசை போல ஓடியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் எங்கே நின்றாலும் ஒரே குரல்தான். பெரியப்பா எந்த ஸ்டேஷனைத் திருப்புகிறாரோ அதைத்தான் ஐந்து பெட்டிகளும் பேசும். நெல் விலை நிலவரத்தை மாவு சலித்துக்கொண்டே பெரியம்மா கேட்டாள். ஆனால் அத்தைக்கு அந்தச் சின்னப் பெட்டி பிடித்துவிட்டது. அறைக் கதவுக்கு மேலே மாட்டியிருந்த அதன் கீழே நின்றுதான் தலை பின்னிக்கொள்வாள். நாடகம் போட்டால் சிரிப்பாள். ஆடியில் வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஐப்பசியில் பெரியப்பா மில்லில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு அது பெரிய சிக்கலாயிற்று. தீபத்தன்று எங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய யாரும் மலையில் தீபம் ஏறும் வரை வாயில் ஒன்றும் போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். சாயங்காலம் அவர் மொட்டைமாடியில் நிற்பார். கீழே பெண்கள் அகல்களை வரிசையாக வைத்து எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியோடு காத்திருப்பார்கள். மலையுச்சியில் தீ தெரிந்ததும் “ஏத்துங்க!” என்று அவர் ஒரு குரல் கொடுப்பார். அதற்கு முன்னால் ஒரு திரிகூடப் பற்றாது. அந்த வருஷம் அவரால் படியேற முடியாது.

சென்னையில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா லீவில் வந்து அதற்கு வழி சொன்னார். என்னைக் கூடத்து அலமாரி அருகே கூப்பிட்டார்.

“டேய், இந்தப் பெட்டியெல்லாம் பேசும்னுதானே நெனச்சுக்கிட்டிருக்க? இதுங்களுக்குக் காதும் உண்டு. பாக்கறியா?”

ரேடியோவின் முதுகில் ஐந்து ஜோடி கறுப்பு ஒயர் நுனிகளும் இரண்டு திருகுகளில் மாட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் கிராமபோன் பெட்டியை இணைப்பதற்கு என்று இரண்டு துளைகள். சித்தப்பா சமையல்கட்டு ஜோடியைத் திருகிலிருந்து கழற்றி அந்தத் துளைகளில் செருகிக் குமிழைத் திருப்பினார். முதலில் ஒரு உறுமல். பிறகு ரேடியோவுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “உப்பு கம்மின்னா கம்மிம்பாரு. சரியா இருந்தா வாயைத் தெறக்க மாட்டாரு.” அதைத் தொடர்ந்து என் அம்மா சிரிப்பது கேட்டது.

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடிப் பெட்டியின் ஒயரை இதே போல் மாற்றிச் செருகிவிட்டால், தீபம் தெரிந்ததும் அவர் மாடியில் சொல்வது வீட்டிலுள்ள மற்ற எல்லாப் பெட்டியிலும் கேட்கும், பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்தபடியே விளக்கேற்றச் சொல்லலாம் என்று விளக்கினார். நான் அதையெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. அத்தை அறையில், அந்தச் சின்னப் பெட்டிக்கு நேர் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் பெரியப்பா மாதிரி எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறேன். ‘எவன்டா அது ரேடியோல கை வெச்சது’ என்று அவர் குரலிலேயே பேசியிருக்கிறேன்.

“முன்னாடி பேசினதெல்லாம் உள்ளயே இருக்குமா சித்தப்பா?” என்று கேட்டேன்.

“இருக்காதா பின்னே? நீ தொட்டில்ல அழுதது மொதக்கொண்டு உள்ள இருக்குது. ஒரு நாளைக்கு எடுத்து அண்ணாவுக்குப் போட்டுக் காட்டணும்.”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. வீட்டில் எங்கே போனாலும் சுவரில் ஓடும் கறுப்பு ஒயரைப் பார்ப்பேன். வாயைத் திறக்க வேண்டுமென்றால் கொல்லையில் கிணற்றடிக்குப் போவேன். அம்மா எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தீபத்துக்கு முதல்நாள் அத்தையின் கணவரும் அவருடைய தாயாரும் வந்தார்கள். தீபம் முடிந்ததும் அத்தையைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மாமா மிகவும் மெதுவாகப் பேசுகிறவர். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிப்பெல்லாம் விசாரித்தார். அவர் வந்த நேரத்திலிருந்து அத்தை பின்கட்டு அறையைவிட்டு வெளியே வரவில்லை.

தீபத்தன்று நடுப்பகலில் எனக்குப் பசி தாங்கவில்லை. அத்தை அறைக்குப் போய் நின்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சாமிக்கென்று பிடித்து வைத்திருந்த பொரி உருண்டைகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“சாப்புடு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது.”

“பெரியப்பா?”

“அவரு சாமி இல்லையேடா.”

கடித்தேன். பொரி உருண்டையை ஓசையில்லாமல் கடிக்க யாராலும் முடியாது. நறுக்கென்று ஒரு சத்தம். உடனே தலைக்கு மேலே பார்த்தேன். கதவின் மேல் அந்தச் சின்னப் பெட்டி. வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே விழுங்கி, கண்ணில் நீர் வர முற்றத்துக்கு ஓடினேன்.

அந்தப் பெட்டிக்கு உண்மையிலேயே காது கேட்குமா, அல்லது சமையல்கட்டுப் பெட்டிக்கு மட்டும்தானா என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. பிற்பகலில் பெரியப்பா தன் அறையில் தூங்கினார். சித்தப்பா மாடி ஒயரைக் கிராமபோன் துளைகளில் செருகிச் சோதித்துவிட்டுக் கோயில் பக்கம் போயிருந்தார். அத்தையைத் தவிர மற்றவர்களும் வெளியே. நான் முக்காலி போட்டு ஏறி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்தேன். மாடி ஒயரை உருவினேன். அத்தை அறையுடையது இடப்பக்கக் கடைசி என்று சித்தப்பா சொன்ன ஞாபகம் இருந்தது. அதைத் திருகிலிருந்து கழற்றித் துளைகளில் செருகினேன். மற்றப் பெட்டிகளில் கேட்டுவிடாதபடி குமிழை மயிரிழைதான் திருப்பினேன். பச்சைக் கண் திறந்தது. ரேடியோவின் துணி முகத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

டிரங்குப் பெட்டி திறக்கும் கிறீச் சத்தம் கேட்டது. துணிகளை அழுத்தி வைக்கும் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அத்தைக்கு ஜலதோஷம் என்று நினைத்தேன். அதைவிட முக்கியமாக, பெட்டிக்குக் காது கேட்கிறது. அப்படியானால் என் பொரி உருண்டையும் உள்ளேதான் இருக்கிறது.

அந்த நேரம் பெரியப்பாவின் அறையில் கைத்தடி தரையில் ஊன்றும் ஓசை கேட்டது. பதறி ரேடியோவை அணைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு ஜோடிகளும் கையிலிருந்து நழுவி அலமாரிக்குப் பின்னால் விழுந்தன. துழாவி மேலே இழுத்தபோது என் கையில் நான்கு கறுப்பு வால்கள் இருந்தன. எது மாடி, எது அத்தை? எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு ஜோடியைத் துளைகளில் செருகினேன். மற்றதைத் திருகில் மாட்டினேன். முக்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

சித்தப்பாவிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க அவருக்கு அரை நிமிஷம் ஆகாது. ஆனால் ஏன் தொட்டாய் என்று கேட்பார். பொரி உருண்டையில் போய் முடியும். சாயங்காலம் அவர் ஓட்டமாக வந்து, “நீ கூடத்துலயே நில்லு. வேட்டுச் சத்தம் கேட்டதும் இந்தக் குமிழைத் திருப்பு. மீதியை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார். சரி சித்தப்பா என்றேன்.

கூடத்தில் பெரியப்பா மாவுக்கட்டுக் காலை முக்காலி மேல் நீட்டிச் சாய்வு நாற்காலியில் இருந்தார். மாமாவின் தாயாருக்கு முட்டிவலி. தூணில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் மாமாவும் மாடியில். பெரியம்மா சமையல்கட்டு வாசலில் அகல்களோடு நின்றாள். அம்மா எங்கே என்று பெரியப்பா கேட்டதற்கு, தலைவலி என்று பின்னால் போயிருக்கிறாள் என்றாள். நான் ரேடியோவைப் போட்டுவிட்டுக் குமிழில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பச்சைக் கண் என்னையே பார்த்தது. செருகியது சரியான ஜோடியாக இருக்கவேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். விரதத்தை முறித்தவன் வேண்டுதல் பலிக்குமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

வேட்டுச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஊர் முழுக்க ஒரே தொண்டையாக “அரோகரா!” என்று எழுந்தது. கோயில் பக்கமிருந்து தொடங்கி வீதி, மாடி, மரம் எல்லாம் கத்தியது. மலையில் தீபம் ஏறிவிட்டது என்பதை அறிய எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. ஆனாலும் பெரியப்பா தன் வீட்டுப் பெட்டி சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் குமிழைத் திருப்பினேன்.

“...பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்களாம். மலை சுத்தறவங்களோட கூட்டத்துல கலந்து போயிடு பாப்பா. வேங்கிக்கால்கிட்ட உன் சிநேகிதி நிப்பாளா?”

அது அம்மாவின் குரல். அம்மா எப்போது மாடிக்குப் போனாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பெரியப்பா முன்னால் குனிந்தார். “யார்றா பேசறது? ஜாஸ்தி வை.”

திருப்பினேன்.

“நிப்பா அண்ணி. வேலூர்ல டீச்சர் டிரெய்னிங் ஸ்கூல்ல எடம் கேட்டு வெச்சிருக்கா. ஹாஸ்டல்லயே தங்கிக்கலாமாம். நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் அண்ணி. இந்தத் தடவை கையோட விட மாட்டாரு. மூஞ்சியிலயே சூடு வெச்சுடறேன்னு சொல்லித்தான் அனுப்பினாரு.”

“ஜாஸ்தி வை” என்றார் பெரியப்பா.

குமிழை மறுபக்கம் திருப்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பழைய ரேடியோ, நின்றுவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். என் விரல்கள் அதன் மேல்தான் இருந்தன. எனக்குப் பெரியப்பாவைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. முழுக்கத் திருப்பினேன்.

“போக வேணாம். கொல்லைத் தாழ்ப்பாளை எடுத்து வெச்சுட்டேன். கேட்டா கோயிலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லிக்கறேன். வர்றது எனக்கு வரட்டும்.” என் அம்மா இதை வீட்டின் ஒவ்வொரு அறையிலும் சொன்னாள்.

மாமாவின் தாயார் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். “நல்லாத்தான் இருக்குது உங்க வீட்டு ரேடியோ” என்றாள்.

“அணை” என்றார் பெரியப்பா. அணைத்தேன். பச்சைக் கண் மூடிக்கொண்டது. சமையல்கட்டு வாசலில் பெரியம்மாவின் விரலில் தீக்குச்சி கடைசிவரை எரிந்து கருகியது. அவள் எந்த அகலையும் ஏற்றவில்லை.

பெரியப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, “போய் உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா” என்றார். கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

முற்றத்தைக் கடந்து போனேன். ஊர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில், மூடிய கதவுக்குப் பின்னால், அவர்களுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. அத்தைதான் கதவைத் திறந்தாள். அம்மாவின் பழைய நூல்புடவையைக் கட்டி, கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். டிரங்குப் பெட்டியை எடுத்துப் போக முடியாது என்று முடிவு செய்திருப்பார்கள்.

“தீபம் ஏத்திட்டாங்களாடா?”

தலையாட்டினேன். அவள் மலை இருக்கும் திசையிலிருந்த சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அம்மா என் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். “எங்கடா போய்ப் புகுந்த?” என்றாள்.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் எடுத்துத்தான் இருந்தது. வெளியே சந்து, சந்தைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான ஜனம். ‘எல்லாருக்கும் கேட்டுடுச்சு அத்தை, ஓடிடு’ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்தச் சொற்கள் என் வாய்க்குள் வந்தும்விட்டன. அவள் ஓடிவிட்டால் யார் சொன்னது என்று பெரியப்பா கேட்பார். அதை நினைத்ததும் அவை உள்ளே போய்விட்டன.

“பெரியப்பா கூப்பிடறாரும்மா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“வெளக்கேத்தத்தான் கூப்பிடறாரு. தலையைக் காட்டிட்டு வந்துடறேன். நான் வந்ததும் கெளம்பு பாப்பா” என்றாள் அம்மா. அத்தை டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அத்தை எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நாங்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது மாமா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார். சித்தப்பா மாடிப் பெட்டியில் வாயை வைத்து “ஏத்துங்க, ஏத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதாம். அங்கே நின்ற எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மாமா படியிலிருந்து இறங்கினார். எங்களைத் தாண்டி, காலடிச் சத்தமே இல்லாமல், முற்றத்தைக் கடந்து பின்கட்டுப் பக்கம் போனார்.

அன்று எங்கள் தெருவில் கடைசியாக விளக்கேற்றிய வீடு எங்களுடையது.

மறுநாள் காலையில் அத்தையை அழைத்துப் போனார்கள். அவள் முந்தானையை முகத்தின் பாதி வரை இழுத்துவிட்டிருந்தாள். என் தாடையைத் தொட்டு நன்றாகப் படிக்கச் சொன்னாள். டிரெய்னிங் ஸ்கூலுக்கு அவள் என்றைக்குமே போகவில்லை. போளூர்ப் பக்கத்து வீட்டிலேயே இருந்து, அங்கேயே செத்துப்போனாள். அந்தச் சிநேகிதி வேங்கிக்காலில் அன்றிரவு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. இப்போது நான் வீடு கட்டிக் குடியிருப்பது அங்கேதான்.

சித்தப்பா ரேடியோவின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே கறுப்பு. நான்தான் மாத்திக் குத்திட்டேன்” என்றார். அதை நம்பினார். சாகிற வரை நம்பினார். நான் நம்பவிட்டேன். அதன் பிறகு அவர் தீபத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை.

அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், ரேடியோ அலமாரிக்குப் பின்னால் பெருக்கும்போது, துடைப்பத்தில் சுற்றிக்கொண்டு வந்த ஒட்டடையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பெரியம்மாவிடமோ அக்கம்பக்கத்துப் பெண்களிடமோ பேசும்போது கல் ஏந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அதில் ஒரு தானியமும் இருக்காது. வெறும் கல்லைச் சுற்றுவாள். கல்லோடு கல் உரசி எழும் கரகரப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மட்டும்தான் அவள் பேச்சு கேட்கும். சுவரில் இருக்கும் பெட்டிக்குப் பயந்து அப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அந்தப் பயம் உண்டே.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டிகளை எல்லாம் கழற்றினார்கள். பெரியப்பா அவற்றைத் திரும்ப மாட்டச் சொல்லவில்லை. கறுப்பு ஒயரும் மில்லுக்கே போயிற்று. இனி அம்மா சாதாரணமாகப் பேசலாம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில நாட்கள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். சமையல்கட்டில் அம்மாவும் பெரியம்மாவும் இயல்பான குரலில் பேசிக்கொண்டிருப்பது முற்றத்திலேயே கேட்டது. போளூர் என்ற பேர் காதில் விழுந்தது. நான் வாசற்படியில் கால் வைத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை தானாக ஏந்திரத்தின் பிடிக்குப் போயிற்று. வெறும் கல் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது.

“பெட்டியைத்தான் கழட்டிட்டாங்களே, இன்னும் எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“பழகிடுச்சுப்பா” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பாவம், இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்தேன். வெறும் கல்லைச் சுற்றினால் கல் தேயும், கையும் வலிக்கும் என்று தோன்றியது. அடுக்குப்பானையிலிருந்து ஒரு பிடி உளுந்தை எடுத்து வந்து ஏந்திரத்தின் குழியில் போட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. அம்மா சுற்றுவதை நிறுத்தினாள். பேச்சையும் நிறுத்திவிட்டாள். உதவிதானே செய்தேன், ஏன் நிறுத்துகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் ஒரு பிடி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.